ஈதரும் கொழும்பு வெயிலும்

கொழும்பில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் வெப்பநிலை 32 பாகையைச் சுற்றி நிற்கும். தகரக் கூரைக்குக் கீழே மேல்மாடி அறை என்றால் 35ஐத் தாண்டுவதும் உண்டு. ஆய்வுகூடத்தில் கொழுப்பைக் கரைத்தெடுக்கப் பாவிக்கும் டைஎதில் ஈதர் என்ற திரவம் கொதிப்பது 34.6 பாகை செல்சியஸில். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் நான் சொல்ல வருவதில் பாதி முடிந்தது. குளிர்நாட்டில் 20 பாகை அறையை மனதில் வைத்து எழுதிய பாதுகாப்புக் குறிப்புகளைச் சுவரில் ஒட்டிவிட்டு இங்கே நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஏசி வேலை செய்யாத நாளில் ஈதர் போத்தலின் மூடியைத் திருகினால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். சோடாப் போத்தலில் வந்தால் பரவாயில்லை. ஈதரில் வந்தால் அந்த மூடியை மெதுவாகத் திரும்ப இறுக்கிவிட்டு, போத்தலைக் குளிரவிட்டு, நாளைக் காலையில் வேலையைத் தொடங்குவதுதான் புத்தி.

நான் வேலை செய்வது கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்தில். கோழித்தீவனம், தேங்காய்ப் புண்ணாக்கு, பிஸ்கட், பால்மா என்று வரும் மாதிரிகளில் எத்தனை வீதம் கொழுப்பு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குச் சொக்ஸ்லெட் என்ற கண்ணாடி அமைப்பு. கீழே குடுவையில் ஈதர் சூடாகி ஆவியாக மேலே போகும், மேலே கன்டென்சரில் குளிர்ந்து துளித்துளியாக மாதிரியின் மேல் விழும், கொழுப்பைக் கரைத்துக்கொண்டு மறுபடி கீழே இறங்கும். இப்படி மணித்தியாலக் கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஈதரை அகற்றிவிட்டால் மிஞ்சுவது கொழுப்பு. அதை நிறுத்தால் விடை வந்துவிடும். பார்க்க அமைதியான வேலை.

எங்கள் மூத்த தொழினுட்ப உத்தியோகத்தர் வெள்ளவத்தையில் நெடுங்காலம் இருந்தும் யாழ்ப்பாணப் பேச்சு மாறாதவர். நான் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது இது: “போத்தலுக்குள்ள இருக்கிறது உம்மை ஒண்டும் செய்யாது தம்பி. வெளியில வந்தது எங்க போய் நிக்குதெண்டு உமக்குத் தெரியுமோ? அதைப் பாரும்.” அன்றைக்கு இது ஏதோ பெரியவர்கள் சொல்லும் பேச்சாகத்தான் பட்டது. பிறகுதான் ஈதர் விஷயத்தில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை என்று விளங்கியது.

எரிவது திரவம் அல்ல, ஆவி. ஈதர் ஆவி காற்றைப் போல இரண்டரை மடங்கு பாரமானது. மேலே எழும்பிப் போய்விடாது. மேசையின் மேல் படர்ந்து, விளிம்பால் வழிந்து, தரையில் இறங்கி, தாழ்வான மூலையில் தேங்கும். 2021 கடைசியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகள் வந்தபோது, கொழும்பில் வீட்டுக்கு வீடு ரெகுலேட்டரில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார்களே, அப்போது எல்லோரும் ஒன்று கற்றுக்கொண்டோம்: கசிந்த வாயு குசினித் தரையில்தான் கிடக்கும், ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும் என்று. ஈதர் ஆவியும் அதே குணம்தான். ஆனால் எல்பி வாயு காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9 வீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். ஈதருக்கு அந்த எல்லை 1.9 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை போகிறது. அதாவது கொஞ்சமாக இருந்தாலும் பற்றும், நிறைய இருந்தாலும் பற்றும்.

இதில் பலர் தவறவிடும் இன்னொன்று, ஈதருக்குச் சுவாலையே தேவையில்லை என்பது. 180 பாகைக்குக் கிட்டிய வெப்பத்தில் அது தானாகவே பற்றிக்கொள்ளும். பன்சன் சுடரடுப்பை அணைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று சொல்பவர்கள் பக்கத்து மேசையில் இருக்கும் ஹொட் பிளேட்டைப் பார்ப்பதில்லை. அதன் தட்டு சிவக்காமலே 300 பாகையில் இருக்கலாம். ஆவி அங்கே போய்ப் பற்றினால், நெருப்பு வந்த வழியாலேயே திரும்பி ஓடி உங்கள் கையில் இருக்கும் குடுவைக்கு வந்து சேரும்.

மணத்தை நம்பலாமா என்று கேட்பார்கள். ஈதருக்கு இனிப்பான, தூக்கலான மணம் உண்டுதான். ஆனால் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். காலையில் உள்ளே நுழைந்தவுடன் “என்ன மணக்குது?” என்று கேட்கிறவர் துப்புரவு வேலைக்கு வரும் அக்காதான், உள்ளே இருக்கும் நாங்கள் அல்ல. அவர் அப்படிக் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு எங்கே கசிகிறது என்று தேட வேண்டும் என்பதை எங்கள் ஆய்வுகூடத்தில் வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். இவ்வளவு மலிவான கசிவு காட்டி வேறு கிடையாது.

வெயிலுக்குப் பயந்து எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை ஃபிரிட்ஜ். இது நல்லது போலத் தெரியும், ஆனால் மிக மோசமான யோசனை. ஈதரின் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பநிலை, மறை 45 பாகை (-45). வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே 4 பாகை, மேல்தட்டு உறைபெட்டியில் மறை 18. அந்தக் குளிரிலும் ஈதர் எரியக்கூடிய ஆவியைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். மூடி சரியாக இறுகாத ஒரு போத்தல் போதும், இரவு முழுக்க அந்தப் பூட்டிய பெட்டிக்குள் ஆவி சேரும். உள்ளே இருக்கும் விளக்கின் சுவிட்ச், தெர்மோஸ்டாட், இவை ஒவ்வொன்றும் இயங்கும்போது சின்னஞ்சிறு மின்பொறியைத் தரும். காலையில் கதவைத் திறப்பவர் அந்தப் பொறியை நேரே முகத்துக்கு முன்னால் உண்டாக்குகிறார். உள்ளே மின்பொறி வராதபடி செய்த ஆய்வுகூட ஃபிரிட்ஜ்கள் இருக்கின்றன. விலை கூட. அதை வாங்க முடியாவிட்டால், ஏசி போட்ட அறையில், வெயில் படாத பக்கத்தில், தரைமட்டத்தில் ஓர் இரும்பு அலுமாரி போதும். போத்தலை மேல் தட்டில் வைக்காதீர்கள். மேல்தட்டு எப்போதும் கூடச் சூடு, விழுந்தால் உடைவதற்கும் அதுதான் வசதி.

கன்டென்சரின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய முறையில் குழாய்த் தண்ணீரை அதில் ஓடவிட்டால் போதும் என்று எழுதியிருக்கும். கொழும்பில் குழாய்த் தண்ணீரே 28 பாகை. ஈதர் ஆவியைத் திரும்பத் திரவமாக்க நமக்குக் கிடைப்பது ஆறு, ஏழு பாகை வித்தியாசம் மட்டும். இதில் மொட்டைமாடியில் வெயிலில் நிற்கும் கறுப்புத் தாங்கியிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால் நண்பகலில் நிலைமையே தலைகீழ். ஒருமுறை சந்தேகத்தில் வெப்பமானியைக் குழாய்க்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். 37 காட்டியது. அதாவது குளிரவைக்க வேண்டிய தண்ணீர் ஈதரின் கொதிநிலையைவிடச் சூடு! கன்டென்சரின் மேல்வாயால் ஆவி வெளியே போய்க்கொண்டிருக்கும், ஒருவருக்கும் தெரியாது. குடுவையில் ஈதர் மட்டம் ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று ஒரு நாள் யாராவது கேட்கும்வரை அது நடக்கும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் வாங்கும்வரை நாங்கள் செய்தது, ஒரு பெரிய ஐஸ் பெட்டியில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு, மீன்தொட்டிக்குப் போடும் சின்னப் பம்பால் சுற்றவிட்டது. பார்க்கக் கேலியாக இருக்கும், ஆனால் நன்றாக வேலை செய்யும். பெட்டியையும் பம்பையும், ஆவியை விசிறியால் வெளியே இழுக்கும் அலுமாரியான ஃபியூம் கபர்டுக்கு வெளியே, தூரத்தில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும்.

கரண்ட் இருக்கும்வரை சரி.

2022 தொடக்கத்தில் மின்வெட்டு வந்து, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது கொழும்பில் இருந்தவர்களுக்கு மறக்காது. அப்போது டீசல் வரிசையில் நிற்காமல் ஜெனரேட்டரும் ஓடவில்லை. ஆய்வுகூடத்தில் கரண்ட் போவது என்றால் விளக்கு அணைவது மட்டுமல்ல. ஃபியூம் கபர்டின் விசிறி நின்றுவிடும், அதனால் ஆவி அறைக்குள்ளேயே நிற்கும். கன்டென்சர்ப் பம்ப் நின்றுவிடும். குடுவையைச் சூடாக்கும் ஹீட்டிங் மேன்டில் அணைந்தாலும் அதன் சூடு உடனே போகாது, ஈதர் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். இதைவிட மோசம், கரண்ட் திரும்பி வரும் நேரம். மேன்டில் தானாகச் சூடேறத் தொடங்கும், பம்ப் காற்றுக் குமிழ் அடைத்து ஓடாமல் நிற்கும், ஆட்கள் பிளேன்டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

இதற்கு நாங்கள் பழகிக்கொண்ட ஒரு காரியம் எல்லோருக்கும் உதவும். கரண்ட் போன உடனே, முதல் வேலையாக, மேன்டிலின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கழற்றினால் பொறி பறக்காது. கரண்ட் வந்தாலும் அது தானாகத் தொடங்காது. பிறகு மேன்டிலைக் கீழே இறக்கிக் குடுவையைக் காற்றில் ஆறவிட்டு, ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள். மெழுகுதிரி, லைட்டர் எதையும் யாரும் எடுக்கக்கூடாது. இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். இருட்டினால் மனிதன் கை முதலில் தேடுவது அதைத்தான்.

அந்த நாட்களில்தான் எங்களிடம் உலர்த்தும் அடுப்பு வெடித்தது. ஒரு மணிக்கு மின்வெட்டு. அதற்குள் முடித்து மாலையில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் நின்றுகொண்டிருந்தார். பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளை சொக்ஸ்லெட்டிலிருந்து, குடுவைக்குப் பதிலாகக் கொழுப்புச் சேரும் கிண்ணங்களைக் கழற்றி, ஈதரை வடித்து எடுத்துவிட்டு, ஆறு கிண்ணங்களையும் 105 பாகையில் இருந்த உலர்த்தும் அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது. கிண்ணத்தின் அடியில் இருந்தது மஞ்சளாக, எண்ணெய் மாதிரித்தான் தெரிந்தது. பிரச்சினையே அங்கேதான். கொழுப்பு ஈதரை லேசில் விடாது. ஈதர் கரைந்திருக்கும் எண்ணெயும் வெறும் எண்ணெயும் கண்ணுக்கு ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். அடுப்பின் கதவு அடித்துத் திறந்தது, உள்ளேயிருந்து நீலமும் மஞ்சளுமாக ஒரு நெருப்பு வெளியே நாக்கை நீட்டிவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டது. கிண்ணங்களில் மிஞ்சிய கொழுப்பு சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. எங்கள் மூத்த உத்தியோகத்தர் ஓடிவந்து வெளிச்சுவரில் இருந்த பிரதான ஆளியை இறக்கினார், நான் காபனீரொட்சைட்டு அணைப்பானை எடுத்தேன். அவ்வளவுதான். பிள்ளை கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றதால் முன்முடியும் ஒரு புருவமும் கருகியதோடு போயிற்று. அறை முழுக்க மயிர் கருகிய நாற்றம்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எங்கள் அடுப்பின் உட்கொள்ளளவு 50 லீற்றர். 1.9 வீதம் என்றால் ஒரு லீற்றருக்கும் குறைவான ஆவி. ஒரு மில்லிலீற்றர் ஈதர் அந்தச் சூட்டில் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் ஆவியாகும். ஆக, மொத்தம் மூன்றரை மில்லிலீற்றர் ஈதர் போதும், அடுப்பு முழுவதும் பற்றக்கூடிய கலவையாகிவிடும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஆறு கிண்ணத்தில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் அரை மில்லிலீற்றர்ச் சொச்சம். 105 பாகை ஈதர் தானாகப் பற்றும் வெப்பத்துக்குக் குறைவுதான் என்று ஒருவர் வாதாடினார். உண்மை. ஆனால் 105 என்பது அடுப்புக்குள் இருக்கும் காற்றின் கணக்கு. அடியில் இருக்கும் சூடாக்கும் கம்பி அதைவிட எவ்வளவோ சூடு, ஆவி இறங்கி நிற்பதும் அதே அடியில்தான்.

மேலிடத்தில் பிள்ளையைத்தான் ஏசினார்கள். எனக்கு அது இன்றுவரை நியாயமாகப் படவில்லை. செய்முறைத் தாளில் ‘கரைப்பானை முற்றாக அகற்றவும்’ என்று ஒரு வரி இருந்தது. முற்றாக என்றால் எவ்வளவு நேரம், எந்த இடத்தில், எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அதன் பிறகுதான் எழுதினோம்: கிண்ணங்கள் ஃபியூம் கபர்டுக்குள், விசிறி ஓடும் நிலையில், வெந்நீர்த் தொட்டியின் மேல் இருக்க வேண்டும். தொட்டியின் தண்ணீரை வேறிடத்தில் சுடவைத்துக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும், ஹொட் பிளேட் கூடாது. கிண்ணம் காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் அரை மணித்தியாலம் அங்கேயே இருக்க வேண்டும். நேரத்தை எழுதி, இரண்டாவது ஆள் கையொப்பம் வைத்த பிறகுதான் அடுப்பு. இன்னொரு சிக்கல் நம்மூர் ஈரக்காற்றால் வருவது. ஈதர் ஆவியாகும்போது கிண்ணம் சில்லென்று குளிர்ந்துவிடும், வெளிப்புறம் முத்துமுத்தாகத் தண்ணீர் பூக்கும், உள்ளேயும் ஒரு துளி விழும். அந்தத் தண்ணீரைப் போக்கத்தான் ஆட்கள் அவசரப்பட்டு அடுப்பைத் தேடுகிறார்கள். தண்ணீர் இருந்தால் இருக்கட்டும். முதலில் ஈதர் போகட்டும்.

பெரொக்சைட்டைப் பற்றி எல்லாப் புத்தகமும் சொல்லும், சுருக்கமாகச் சொல்கிறேன். திறந்த ஈதர் போத்தல் காற்றும் வெளிச்சமும் பட்டுக் காலப்போக்கில் வெடிக்கக்கூடிய பெரொக்சைட்டை உண்டாக்கும். போத்தலில் வந்த நாள், திறந்த நாள் இரண்டையும் எழுதுங்கள். திறந்து ஆறு மாதமானால் நாங்கள் வைத்திருப்பதில்லை. இடையில் சோதனைத் தாளால் பாருங்கள். தாள் இல்லாவிட்டால் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலோடு பார்க்கலாம், மஞ்சளானால் பெரொக்சைட்டு இருக்கிறது. ஈதரைக் காய்ச்சி மீட்கும்போது கடைசித் துளிவரை போகாதீர்கள், பெரொக்சைட்டு அடியில்தான் செறியும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் கட்டிய பழைய போத்தல் ஒன்று அலுமாரியின் பின்னால் கிடைத்தால், திறந்து பார்க்கும் ஆசையே வேண்டாம். நகர்த்தவும் வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுப் பொறுப்பானவரைக் கூப்பிடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் எங்கள் பெண் பிள்ளைகளோடு எனக்கு ஓயாத சண்டை. நைலோன் துப்பட்டா, பொலியெஸ்டர் பிளவுஸ், மேலே பொத்தான் போடாத கோட்டு. 2008 டிசம்பரில் லொஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், காற்றுப் பட்டவுடன் தானே பற்றும் ஓர் இரசாயனம் சிந்தி, 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் எரிந்துபோனார். பதினெட்டு நாளில் இறந்தார். அவர் ஆய்வுகூடக் கோட்டுப் போட்டிருக்கவில்லை, அணிந்திருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்திக் கோட்டு, எல்லாப் பொத்தானும் போட்டபடி. வியர்க்கும், உண்மைதான். வியர்க்கட்டும்.

சிந்திவிட்டால் என்ன செய்வது? லைட்டைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டுமே பொறிதான். கேத்தல், ஃபிரிட்ஜ், பெடஸ்டல் விசிறி எதையும் தொடாமல் எல்லோரையும் வெளியே அனுப்பி, அறைக்கு வெளியே இருக்கும் பிரதான ஆளியால் கரண்டை நிறுத்துங்கள். எரியும் ஈதர் மேல் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே தரையெங்கும் பரவும். சிறு கிண்ணத்தில் எரிந்தால் ஒரு தட்டால் மூடினால் போதும். அதைவிடப் பெரிதென்றால் உலர் தூள் அல்லது காபனீரொட்சைட்டு அணைப்பான், அதற்கும் அடங்காவிட்டால் வெளியே போய்த் தீயணைப்புப் படையின் 110க்கு அழையுங்கள். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். பற்பசை பூசாதீர்கள். நம் வீடுகளில் நெருப்புச் சுட்டால் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள், ஆய்வுகூடத்திலும் ஒருவர் கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

கழிவை சிங்க்கில் ஊற்றாதீர்கள். பழைய கொழும்புக் கட்டடங்களில் ஒரு மாடியின் சிங்க் அடுத்த மாடியின் குழாயோடு எங்கே சேர்கிறது என்று கட்டினவருக்கே தெரியாது. இங்கே ஊற்றிய ஈதரின் ஆவி கீழ்மாடிக் குசினியில் போய் எழும்பலாம். கரைப்பான் கழிவுக்குத் தனிப் போத்தல் வைத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒட்டுங்கள். அதில் நைத்திரிக்கமிலக் கழிவு ஒரு துளிகூடச் சேரக்கூடாது. 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த அமிலம் தானாக எரியாது, ஆனால் எரியும் பொருளோடு சேர்ந்தால் அதைத் தூண்டிவிடும். எதனோல், அசற்றோன், ஈதர் எதுவானாலும், மூடிய போத்தலுக்குள் அதோடு சேர்ந்தால் வாயு பொங்கிப் போத்தல் வெடிக்கும், அதுவும் ஊற்றியவர் வீட்டுக்குப் போன பிறகு.

இப்போது நாங்கள் பெரும்பாலான மாதிரிகளுக்கு 40 - 60 பாகையில் கொதிக்கும் பெற்றோலியம் ஈதருக்கு மாறிவிட்டோம், பெயரில்தான் ஈதர், உண்மையில் அது பெற்றோலியத்திலிருந்து வரும் ஒரு கரைப்பான். அது பெரொக்சைட்டை உண்டாக்காது, தானாகப் பற்றும் வெப்பமும் கூட. தீப்பற்றுவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை, அதனால் அடுப்புக்கான கையொப்பப் புத்தகம் அப்படியே தொடர்கிறது. இதே வேலைக்குப் பாவிக்கும் இன்னொரு கரைப்பானான எட்சேன் ஏன் வேண்டாம் என்று கேட்டால், நீண்ட காலம் சுவாசித்தால் கை கால் நரம்பு கெடும் என்பதால். வாடிக்கையாளர் டைஎதில் ஈதர் முறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் செய்துகொடுக்கிறோம், காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிக்கிற மாதிரி. அதற்குப் பிறகு வரும் மாதிரி நாளைக்குத்தான்.